கரி ரயிலைக் காத்தவர்கள்

நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 45.88 கிலோமீட்டர் ஓடுகிறது. புறப்படும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டர். அது தொடும் உச்சம் 2,203 மீட்டர். இடையில் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதை. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பகுதியில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவு அது. வழுவழுப்பான சக்கரம் மட்டும் இருந்தால் நின்ற இடத்திலேயே சுழலும். இந்தியாவில் பல்சக்கர ரயில் பாதை இது ஒன்றுதான்.

இந்தப் பாதைக்கான யோசனை 1854லேயே எழுந்தது. வேலை தொடங்கவே 37 ஆண்டுகள் பிடித்தன. சுவிட்சர்லாந்தின் ரீகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட நிக்லாஸ் ரிக்கன்பாக் 1880களில் நீலகிரிக்கும் திட்டம் தந்தார். பணம் திரளாமல் அது நின்றுபோனது. பிறகு அமைந்த கம்பெனிக்காக 1891 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். அந்தக் கம்பெனியும் 1894இல் நொடித்தது. மூன்றாவதாக வந்த கம்பெனிதான் வேலையை முடித்து, 1899 ஜூனில் குன்னூர் வரை ரயிலை ஏற்றியது. ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1908 அக்டோபரில். பல் பட்டை முறை ரிக்கன்பாக்குடையது அல்ல. ரோமன் ஆப்ட் என்ற இன்னொரு சுவிஸ் பொறியாளருடையது. ஆப்ட் முறையில் இரண்டு பட்டைகள் அருகருகே கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

தொடக்கத்தில் மான்செஸ்டரின் பேயர் பீகாக் எஞ்சின்கள் ஓடின. இன்று ஊட்டி ரயில் என்றதும் நினைவுக்கு வருவது எக்ஸ் வகை எஞ்சின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை 1914க்கும் 1925க்கும் இடையில் 12 எஞ்சின்களும் 1952இல் 5 எஞ்சின்களும் செய்து அனுப்பியது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் இது. உயர் அழுத்த நீராவி முதல் இரண்டு சிலிண்டர்களில் புகுந்து தண்டவாளச் சக்கரங்களைத் தள்ளும். அங்கே வேலை முடித்த நீராவி வெளியே போகாது. மற்ற இரண்டு சிலிண்டர்களில் நுழைந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே கரியில் இரண்டு முறை வேலை வாங்கும் ஏற்பாடு. சமதளத்தில் பல்சக்கரச் சிலிண்டர்களுக்குப் போகும் நீராவியை அடைத்துவிடலாம்.

ஏற்றத்தில் எஞ்சின் ரயிலின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். பிணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் சரிவில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்பெட்டியில் நிற்பவர் கொடி காட்டிப் பின்னாலிருக்கும் டிரைவருக்குப் பாதையைச் சொல்வார். டிரைவருக்கு முன்னால் இருப்பது பெட்டிகளின் முதுகு மட்டுமே. பல்பட்டைப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். ஹில்குரோவ் போன்ற நிறுத்தங்களில் எஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்றுகொள்ள, அதற்கு மேல் டீசல் எஞ்சின் இழுக்கிறது. ‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட கேத்தி நிலையம் இந்த மேல்பகுதியில் இருக்கிறது.

ரயில் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நீராவி எஞ்சினின் நாள் தொடங்கிவிடும். ஃபயர்பாக்ஸில் தீ மூட்டி, பாய்லர் தண்ணீர் மெல்லச் சூடேறி, அழுத்தம் எழும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடும் குழாயும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து மூட்டு கசியும். நூற்றுக்கும் மேற்பட்ட பாய்லர் குழாய்களில் படியும் கரியைத் துடைக்க வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். உராயும் ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்கொருமுறை பாய்லரை முழுவதும் ஆறவிட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரிலுள்ள உப்பு உள்ளே ஓடாகப் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்கு இறங்காமல் தகடே வெந்துபோகும். டீசல் எஞ்சினைச் சாவி போட்டு எழுப்பலாம். கரி எஞ்சினை ஒவ்வொரு நாளும் மனிதக் கைகள்தான் எழுப்ப வேண்டும். குன்னூர் ஷெட்டின் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இந்த வேலையைத்தான்.

பாதைக்கும் அதே கவனிப்பு வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மலைச்சரிவு இடம்பெயரும், பாறை உருளும். 2009 நவம்பர் மழையில் பாதை பல இடங்களில் மண்ணோடு போய், ரயில் மாதக்கணக்கில் நின்றது. பாறையை உடைத்து, தடுப்புச் சுவர் எழுப்பி, பல்பட்டையை மயிரிழை பிசகாமல் மீண்டும் பொருத்தினார்கள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மாறினால் பல்சக்கரம் பல்லின் மேல் ஏறிவிடும். கேங்மேன் வேலையில் மிகுந்த நுணுக்கம் கேட்கும் பாதை இது.

இந்திய ரயில்வே நீராவியைக் கைவிட்டது படிப்படியாக. சித்தரஞ்சன் தொழிற்சாலையின் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் 1970இலும் கடைசி மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் 1972இலும் வெளிவந்தன. 1995 டிசம்பரில் அகலப்பாதையில் நீராவியின் வழக்கமான ஓட்டம் முடிந்தது. எஞ்சின்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. அவற்றோடு போனவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை: பாய்லர் தட்டுபவர், குழாய் விரிப்பவர், வெள்ளை உலோகம் ஊற்றிப் பேரிங் வார்ப்பவர், தீயின் நிறத்தைப் பார்த்தே அது எரியும் நிலை சொல்லும் ஃபயர்மேன். புத்தகத்தில் எழுதி வைக்கக்கூடிய அறிவு அதில் பாதிதான். மீதி, பக்கத்தில் நின்று பார்த்துக் கைக்கு வருவது.

தமிழகத்தின் பெரும்பாலான பாதைகளில் கரி ரயில் சத்தமில்லாமல் மறைந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்கு ரயிலே தாமதமாக வந்தது. மதுரை–தூத்துக்குடிப் பாதை 1876இல் திறந்தபோது அது விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வழியே மேற்கே ஒதுங்கிப் போனது. அருப்புக்கோட்டை நெசவுச் சரக்கும் வட்டாரத்துப் பருத்தியும் வண்டிமாடு கட்டித்தான் ரயிலடிக்குப் போக வேண்டியிருந்தது. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், பின்னாளின் ரமண மகரிஷி, 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது மதுரையில்தான் ரயிலேறினார். சொந்த ஊருக்கு ரயில் வர இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரையிலான மீட்டர் கேஜ் பாதை 1960களின் முற்பகுதியில், நாட்டில் இன்னும் நீராவி எஞ்சின்களே மிகுதியாக ஓடிய காலத்தில், திறக்கப்பட்டது. அக்கால ஒய்பி வகை மீட்டர் கேஜ் எஞ்சினின் டெண்டர் ஒரு முறைக்கு 13,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். கண்மாய் பெருகினால்தான் விளைச்சல் என்றிருக்கும் பூமியில் அது சின்ன அளவல்ல. 2013இல் அந்தப் பாதை அகலப்பாதையாக மீண்டும் திறந்தது. மீட்டர் கேஜ் காலத்தின் தடம் பாதையோரத்துப் பழைய கட்டடங்களிலும் முதியவர்கள் வாயில் வரும் “கரி வண்டி” என்ற சொல்லிலும் மிஞ்சியிருக்கிறது. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய பாதை போடும் திட்டத்தில் தெற்கு முனையிலுள்ள மீளவிட்டான்–மேலமருதூர் பகுதியில் வேலை முடிந்தது. காரியாபட்டிக்கு இன்னும் ரயில் வரவில்லை.

மறைய வேண்டிய ஒரு ரயிலைப் பொதுமக்களே எடுத்து நடத்தலாம் என்பதை முதலில் செய்து காட்டியவர்கள் வேல்ஸ் நாட்டில் இருந்தார்கள். மலைக்கற்பலகை ஏற்றிவர 1860களில் போடப்பட்ட டாலிலின் ரயில், டவின் என்ற கடலோர ஊரிலிருந்து 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியது. தண்டவாள அகலம் 686 மில்லிமீட்டர். உரிமையாளர் சர் ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, நட்டத்திலும் அதை நடத்தினார். 1946 இறுதியில் கல்குவாரி இடிந்து மூடப்பட்டது. 1948இல் பிரிட்டன் ரயில்களை நாட்டுடைமை ஆக்கியபோது இந்தச் சிறு பாதை பட்டியலில் சேரவில்லை. 1950இல் ஜோன்ஸ் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாம் நகர விடுதி ஒன்றில், எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் முன்னின்று கூட்டிய கூட்டத்தில் ஒரு சங்கம் உருவாக வழி பிறந்தது. 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயில் ஓடியது. தொண்டர்கள் நடத்திய உலகின் முதல் ரயில் அதுதான்.

அவர்கள் கையில் கிடைத்த பாதையின் நிலை மோசம். கட்டைகள் உளுத்து, தண்டவாளத்தைப் புல்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடும் நிலையில் இருந்தது 1866இல் செய்த டோல்கோக் என்ற ஒரே எஞ்சின். அருகிலிருந்த காரிஸ் என்ற மூடப்பட்ட ரயிலிலிருந்து இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். விடுமுறையில் வந்த ஆசிரியர், கணக்கர், மாணவர் என்று பலதரப்பட்டவர்கள் கட்டை மாற்றினார்கள், ஜல்லி இடித்தார்கள், டிக்கெட் கொடுத்தார்கள். 1952இல் அப்படி வந்தவர்களில் ஒருவர், குழந்தைகளுக்கு ரயில் கதைகள் எழுதிய பாதிரியார் டபிள்யூ. ஆட்ரி; தாமஸ் என்ற நீல எஞ்சினை உலகுக்குத் தந்தவர். டாலிலினின் அனுபவம் அவருடைய பிந்தைய கதைகளில் ஒரு தனி ரயிலாகவே இடம்பெற்றது.

வானம் பார்த்த சீமைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. கண்மாய்க்கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்கு வருவது குடிமராமத்து. வரத்துக்கால் தூர்வாருவதும் மடையும் கலுங்கும் சரிபார்ப்பதும் ஊரின் கூட்டுக் கடமை. 1858இல் சென்னை மாகாணம் அதற்காகச் சட்டமே போட்டது. ஆனால் வழக்கம் சட்டத்துக்கு முந்தையது. வேறுபாடு ஒன்று உண்டு. கரை வலுவாக இருந்தால்தான் வந்தவரின் வயலில் தண்ணீர் பாயும். டாலிலின் தொண்டர்களுக்கு அப்படி எந்த வயலும் இல்லை. அந்த எஞ்சின் ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆதாயம் தேடாமல் வந்தார்கள். அதனாலேயே அவர்கள் முயற்சி மதிப்புக்குரியது. அதனாலேயே அதற்கு ஒழுங்கும் தேவைப்பட்டது. இத்தகைய ரயில்களில் புதிதாக வருபவர் முதலில் எஞ்சின் துடைப்பார். பல பருவங்கள் கழித்துத்தான் ஃபயர்மேன் ஆவார். அதற்கும் பிறகுதான் டிரைவர். ஒவ்வொரு படியிலும் தேர்வு உண்டு. நீராவி ரயில் காலத்து ஷெட்டின் பயிற்சி வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டதால், தொழில் கையிலிருந்து கைக்குப் போனது.

டாலிலினைப் பார்த்து மற்றவை எழுந்தன. அதே வேல்ஸில் ஃபெஸ்டினியாக் ரயில் 1946இல் நின்று 1955இல் தொண்டர்களால் மீண்டும் ஓடத் தொடங்கியது. நீர்மின் திட்டத்தின் அணை அதன் பழைய பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்திருந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாறாக, 1965இல் மலையைச் சுற்றிப் புதுப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள், வார இறுதிகளில், பெரும்பாலும் தொண்டர் உழைப்பில். புதுக்குகை குடைந்தது சுரங்கத் தொழில் அறிந்த கூலியாட்கள். 1982இல் ரயில் மறுமுனையான ப்ளைனாவ் ஊரைத் தொட்டது. அந்த ரயிலின் பாஸ்டன் லாட்ஜ் பணிமனை பழைய எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதோடு நில்லாமல் 1979 முதல் புதியவற்றையும் செய்தது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே பஃபிங் பில்லி ரயில் நின்றதற்குக் காரணம் 1953இல் ஏற்பட்ட நிலச்சரிவு. நீலகிரிக்காரர்களுக்கு நன்கு விளங்கும் காரணம் அது. 1955இல் சங்கம் அமைந்தது. சரிவைச் சுற்றிப் பாதை திருப்பி 1962இல் ரயில் ஓடியது. முழு நீளமும் ஜெம்புரூக் வரை திறக்க 1998 ஆனது. இங்கிலாந்தில் ஒரு தொண்டர் அறக்கட்டளை, ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்ட ஏ1 வகை எஞ்சினைப் புதிதாகவே செய்ய 1990இல் இறங்கி, 2008இல் டொர்னேடோ என்ற பெயரில் முடித்தது. அதன் பாய்லரைச் செய்துதர ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனைக்குப் போக வேண்டியிருந்தது. பெரிய பாய்லர் செய்யும் கை பிரிட்டனிலேயே அருகிப் போயிருந்தது.

இந்தியாவில் தொண்டர் பணி வேறு வடிவம் எடுத்தது. இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் சட்டோ என்ற ஆங்கிலேயர், தம் சொந்த ஆர்வத்தில் நாடு முழுவதும் சுற்றிப் பழைய எஞ்சின்களைத் தேடிப் பட்டியலிட்டார். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயிலின் எச்சங்களைக் கண்டெடுத்தவர் அவரே. டில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் அமைய அவர் மதிப்புறு ஆலோசகராக உழைத்தார். 1971இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி 1 அன்று அது திறந்தது. டார்ஜிலிங் ரயிலுக்காக 1997இல் பிரிட்டனில் டார்ஜிலிங் இமாலயன் ரயில்வே சொசைட்டி தோன்றியது. நீலகிரியில் ஹெரிட்டேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட் என்ற அமைப்பு மலை ரயிலில் நீராவி தொடர வேண்டும் என்று வாதாடி வந்திருக்கிறது.

இவர்கள் எவரும் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடவில்லை. போட முடியாது. பாதை, எஞ்சின், ஊழியர் எல்லாம் அரசு ரயில்வேயின் பொறுப்பு. பாய்லருக்கும் பயணிகள் பாதுகாப்புக்கும் விதிகள் உண்டு. வேல்ஸ் தொண்டர் மண்வெட்டி பிடித்தால், இந்தியத் தொண்டர் மனு எழுதினார், ஆவணம் திரட்டினார், அதிகாரிகளிடம் நடந்தார். இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தில் நட்டமாகத் தெரியும் ஒரு பாதையைக் காக்கத் தகுந்தது என்று நிறுவுவதும் மராமத்துதான். டார்ஜிலிங் ரயில் 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2005 ஜூலையில் அதோடு நீலகிரியும் சேர்ந்தது, 2008இல் கால்கா–சிம்லா. அதன்பின் நீலகிரியில் நீராவியை நிறுத்துவது எளிதான முடிவாக இருக்க முடியாது.

ஆனால் எஞ்சின்களுக்கு வயதாகிக்கொண்டே இருந்தது. வின்டர்தூரிலிருந்து புது உதிரிபாகம் வரும் காலம் எப்போதோ முடிந்திருந்தது. பதில் திருச்சி பொன்மலையிலிருந்து வந்தது. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்தில் வைத்திருந்த பணிமனை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு இடம் மாறியது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் சிங்காரவேலர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தமும், 1946 செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்ததும் அந்தப் பணிமனையோடு சேர்ந்த வரலாறு. நீராவி எஞ்சின் பழுதுபார்ப்பதற்கென்றே வளர்ந்த இடம் அது. நாடெங்கும் நீராவி முடிந்த பிறகு, 2011இல், பொன்மலைத் தொழிலாளர்கள் எக்ஸ் வகை எஞ்சினைப் புதிதாகவே செய்து வெளியே விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அப்படி நான்கு எஞ்சின்கள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தன.

வெளிப்பார்வைக்குப் பழையதன் மறுபதிப்பாகத் தோன்றும் அந்த எஞ்சின்கள் எண்ணெயில் எரிபவை. எண்ணெயில் தீயைச் சீராக வைத்திருப்பது எளிது. சாம்பல் அள்ளும் வேலை இல்லை. தீப்பொறி பறந்து மலைக்காடு பற்றும் அச்சமும் குறைவு. ஆனால் கரியை அள்ளி எங்கே வீசினால் தீ சமனாக எரியும் என்று அறிந்த ஃபயர்மேனின் தொழில் அதில் இல்லை. 2021 ஆகஸ்டில் பொன்மலை மீண்டும் கரியில் எரியும் எக்ஸ் எஞ்சினைச் செய்து முடித்தது. நூறாண்டுக்கு முன் சுவிஸ் எஞ்சின்கள் எரித்த அதே எரிபொருள். அந்த எஞ்சினின் ஃபயர்பாக்ஸ் கதவு திறந்ததும் மண்வெட்டியோடு ஒருவர் அதன் முன் நிற்க வேண்டும். அவருக்குக் கற்றுத்தர, கரி எஞ்சினில் வேலை பார்த்த இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.